பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு மூன்றாவது அறிவிப்பு வாசிக்க வேண்டிய ஞாயிறு.

வாசிக்கவில்லை.

வெளியே வந்ததும், ஜெபக் குழுவை நடத்தும் குளோரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு கரிசனம்.

"கவலப்படாதீங்க சிஸ்டர். அந்தப் பொண்ணுக்காக எல்லாரும் ஜெபிச்சிட்டுதான் இருக்கோம்."

"எந்தப் பொண்ணு?"

"நீங்கதானே சொன்னீங்க..." என்று போனை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன்.

ஐம்பத்திரண்டு வயதில் நான் மறுபடி காலேஜுக்குப் போகிறேன். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில், சனிக்கிழமைதோறும் பாஸ்டரல் கவுன்சலிங் வகுப்பு. துக்கத்திலும் குழப்பத்திலும் இருப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். "ஆறுதல் சொல்றதுக்குக்கூடவா பரீட்சை வெக்கறா?" என்று மயிலாப்பூரில் எங்கள் கீழ்வீட்டு மாமி கேட்டார். வைக்கிறார்கள் மாமி. அதில் 'ரகசியம் காத்தல்' என்ற பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல் மார்க். சிரிக்காதீர்கள்... இனிமேல்தான் இருக்கிறது.

படிப்போடு பயிற்சியும் உண்டு. வியாழன் மாலைகளில், ஆழ்வார்பேட்டையில் சபைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்திருப்பேன். மனசு விட்டுப் பேச யாரும் வரலாம். அப்படி மூன்று வாரமாக வந்தவள்தான் அந்தப் பெண்.

இரண்டு வருடமாக டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறாள். ஒழுங்காக வேலைக்குப் போகிறாள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் அவளுடைய கேள்வி. சொல்லலாமா வேண்டாமா என்று அல்ல - எப்படி? மூன்று வாரம் வார்த்தைகளைத் தேடினாள். கடைசியில் கிடைத்துவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் அவரைச் சந்தித்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, வியாழக்கிழமை சிரித்த முகத்தோடு கிளம்பினாள்.

அவள் போன பத்தாவது நிமிடம் குளோரி அக்கா வந்தார்.

"இன்னிக்கு யாராச்சும் வந்தாங்களா சிஸ்டர்? ஜெபக் குறிப்பு இருந்தா குடுங்க, குரூப்ல போட்டுடறேன்."

ஜெபக் குறிப்பு என்றால், யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற சின்னத் தகவல். நானா ஏமாறுவேன்? முதல் மார்க் ஆயிற்றே!

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன்க்கா. கல்யாணம் ஆகப்போற ஒரு பொண்ணு. மாத்திரை சாப்பிடுது, ஆனா மனசுல பயம். நல்ல சமாதானம் கிடைக்கணும்னு ஜெபிச்சுக்குங்க" என்றேன். பெயரைச் சொல்லாத பெருமையோடு வீட்டுக்கு வந்து தோசை வார்த்துச் சாப்பிட்டேன்.

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் போனில்தான் பார்த்தேன். 'திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ள நம் சபையின் மகள், மனநோய் மாத்திரைகளிலிருந்து விடுதலை பெற ஜெபிப்போம்.' கீழே வரிசையாக ஆமென், ஆமென், ஆமென்.

விடுதலையா? நான் கேட்டேனா விடுதலை? சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடாத ஒருத்தராவது அந்த குரூப்பில் உண்டா? அதிலிருந்தெல்லாம் விடுதலை கேட்டு யாராவது குறிப்பு போட்டார்களா?

பெயர் இல்லைதான். பெயர் எதற்கு? அந்த மாதம் எங்கள் சபையில் அறிவிப்பு வாசிக்கப்பட்டதே ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான்! மாப்பிள்ளையின் பெரியம்மாவும் அந்த குரூப்பில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையிலேயே மாப்பிள்ளைக்குப் போன் போய்விட்டது. சனிக்கிழமை அவர் பீச்சுக்கு வரவே இல்லை.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று சர்ச் வாசலிலேயே கத்திவிட்டேன்.

"ஜெபம் பண்ணத்தானே போட்டேன்? ஜெபிக்கிறது தப்பா சிஸ்டர்?"

வம்பு என்று ஒப்புக்கொண்டு வம்பு பேசுகிறவர்களிடம் சண்டையாவது போடலாம். கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு பேசுகிறவர்களை என்ன செய்ய முடியும்? எங்கள் சபைக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை இது. 'உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் இந்த ஊரில் எத்தனை வீட்டுப் படி ஏறுகிறது! நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர், அக்கறை.

திங்கட்கிழமை அடையாறில் ஒரு காபிக் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "உன் பேரை நான் சொல்லலைம்மா" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவள் அழவில்லை. "பேர் வந்திருந்தாக்கூட பரவால்ல ஆன்ட்டி. அத அவர்கிட்ட நான்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். 'எங்க பெரியம்மாவுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியணுமா'ன்னு கேக்குறாரு. மாத்திரையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நான் மறைச்சிட்டேன்னு நெனைக்கிறாரு" என்றாள்.

காபி ஆறிப்போனது. இரண்டு பேருமே குடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குளோரி அக்காவை நன்றாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "குறிப்பு கேட்டாங்க, சரி. நீங்க ஏன் குடுத்தீங்க?" என்றார்.

ஏன் கொடுத்தேன்? யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. வேறு என்ன? என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அக்கா மேல் வந்ததும் அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறும் அறிவிப்பு வாசிக்கவில்லை. யோசிக்க மாப்பிள்ளை நேரம் கேட்டிருக்கிறாராம்.

இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "எழுதுங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டுங்க" என்றாள். காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். என் பேனாவை வாங்கி ஒரே ஒரு வரியை மட்டும், எழுத்து தெரியாதபடி அழுத்தி அடித்துவிட்டுக் கொடுத்தாள்.

எந்த வரி என்றா கேட்கிறீர்கள்? உங்களுக்கு எதற்குங்க அது?