ஹெப்சிபா எடுத்த இன்னொரு பிடி

பாளையங்கோட்டை மிஷன் தெருவில் ஹெப்சிபா அம்மாளுக்குப் பயப்படாத வீடு கிடையாது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் எடுத்துப் போடுவது சபைப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமைதோறும் பையோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவது ஹெப்சிபாவின் ஊழியம். கலயத்துக்குள் கையை விட்டு ஒரு துழாவு துழாவினால் போதும், அந்த வாரம் எத்தனை பிடி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "பச்சப்புள்ள கையால அள்ளிப் போட்டியளோ மைனி?" என்று கேட்டபிறகு எந்த வீட்டுக்காரிதான் இன்னொரு பிடி போடமாட்டாள். விதவை, ஒரே மகள் யூனிஸ், வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும்.

1919 ஜனவரியில் யூனிஸுக்கு முதல் பிரசவம். ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தாய்க்குத்தான் உதிரம் கொட்டிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போக்கை நிறுத்திவிட்டார், ஆனால் போனது போனதுதான். வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தாள் பெண். டாக்டரம்மா யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். சுகமாக இருக்கிற ஒருவர் ரத்தத்தை எடுத்து இவளுக்கு ஏற்ற வேண்டும், சாயங்காலம் வரை பொறுக்காது என்றார்.

ஹெப்சிபா முதல் ஆளாகக் கையை நீட்டினார். கண்ணாடிச் சில்லில் இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள். திரிந்த பால்போலக் கட்டி கட்டியாய்ப் போயிற்று. பெற்றவள் ரத்தமே சேரவில்லை. அடுத்து மருமகன் இஸ்ரவேல் வாத்தியார். அவர் ரத்தம் அழகாகக் கலந்தது.

அங்கேதான் சம்பந்தி சாலோமி குறுக்கே வந்து நின்றார்.

"ஆகாது. எம்மவன் ரத்தம் இவ ஒடம்புல ஓடுனா ரெண்டு பேரும் ஒரே ரத்தம்லா? பெஞ்சாதி தங்கச்சி ஆயிருவா. தங்கச்சியோட எவனாவது குடும்பம் நடத்துவானா?"

சிரிப்பதற்கு அங்கே ஆளில்லை. பங்காளிக்குள் கட்டக்கூடாது, மாமன் மகளைக் கட்டலாம் என்று ரத்தத்தை வைத்தே முறை பார்க்கிற ஊர். இஸ்ரவேலும் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் மட்டும் தட்டில் கிடந்த ஊசியைவிட்டு நகரவில்லை. காலரா ஊசி போட வந்தபோது பள்ளிக்கூட அலமாரிக்குப் பின்னால் ஒளிந்த வாத்தியார் அவர்தான் என்பது ஹெப்சிபாவுக்குத் தெரியும்.

அழுதால் காரியம் கெட்டுவிடும். ஹெப்சிபா சாவகாசமாகப் பேசினார்.

"மைனி சொல்லுததும் நியாயந்தான். அப்பம் நேசையா கொடுக்கட்டும். சொல்லி விட்டிருக்கேன், வந்துக்கிட்டு இருக்கான்."

சாலோமியின் முகம் கறுத்தது. நேசையா பாடகர் குழுத் தலைவர். சாலோமிக்குக் குரல் சரியில்லை என்று குழுவிலிருந்து நிறுத்தியவர். ஆறு வருஷமாக இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"அவன் எதுக்கு?"

"ஒங்க கணக்குப்படி அவன் இவளுக்கு அண்ணன் ஆயிருவான். ஒங்க பேரனுக்குத் தாய்மாமன். நாளைக்கு அவனுக்கு ஒரு மவ பொறந்தா ஒங்க பேரனுக்கு முறைப்பொண்ணு. வேற எடத்துல பொண்ணு எடுத்தா ஊரு என்ன சொல்லும்?"

சாலோமி கட்டிலைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"லே இஸ்ரவேலு, கைய நீட்டுலே."

"அம்மா, நீங்கதானே..."

"நீட்டுலேன்னு சொல்லுதேன்."

"பானையில ஒரு பிடி எடுத்தா பானை காலியாயிருமா மருமவனே?" என்று ஹெப்சிபா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருபத்து மூன்றாம் சங்கீதத்தை முணுமுணுத்தார், பாதியில் மயங்கியும் போனார். வேண்டியதை அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

வெயில் சாயும்போது யூனிஸின் உதட்டில் நிறம் வந்தது. "அம்மா, பசிக்கி" என்றாள். அப்போதுதான் ஹெப்சிபா ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்குப் போய் வாய்விட்டு அழுதார். நேசையா அன்று நாங்குநேரியில் ஒரு கல்யாணத்தில் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லி விடவில்லை.

அதன்பிறகு இஸ்ரவேல் வீட்டில் குரல் உயர்த்தினால், யூனிஸ் பணிவாக, "அண்ணாச்சிக்கு ரசம் ஊத்தட்டுமா?" என்பாள். மனிதர் அடங்கிவிடுவார்.

அந்த டிசம்பரில் நேசையாவின் மனைவி ஞானசௌந்தரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் அதேபோல் உதிரம் கொட்டியது. டாக்டரம்மா ஆள் கேட்டு முடிப்பதற்குள், யாரும் கூப்பிடாமலே இஸ்ரவேல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றார். யூனிஸ் வெளுத்துக் கிடந்த கட்டிலை அவர் மறக்கவில்லை. சேருமா என்று பார்த்தார்கள், சேர்ந்தது, ஞானசௌந்தரி பிழைத்தாள். இந்தத் தடவை வாத்தியார் மயங்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஹெப்சிபா பையோடு சாலோமி வீட்டுக்கு வந்தார். கலயத்தைத் துழாவிக்கொண்டே சொன்னார்:

"ஞானசௌந்தரி இப்பம் ஒங்க மவனுக்குத் தங்கச்சி மைனி. அவ மவ ஒங்க பேரனுக்கு யாருன்னு நான் சொல்லமாட்டேன். கணக்கு ஒங்களோடது."

சாலோமி கீழே குனிந்து பார்த்தார். மடியில் கிடந்த பேரன் அவர் விரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ளைக்குப் பேரு வச்சாச்சா?" என்று கேட்டார்.