சுவரில் இறங்கிய தே ஓ

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் என் மனைவிக்கு நான்தான் டிரைவர், சுமைக்கூலி, விசிறி எல்லாம். மற்ற நாட்களில் நான் லோரி ஓட்டுகிறேன், அவள் பேரங்காடியில் கல்லாவில் நிற்கிறாள். கோப்பெங் பக்கம் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் எழுந்த வீடமைப்புப் பகுதியில் எங்கள் வீடு. மகள் பள்ளியை முடித்துவிட்டு மூலையில் போட்ட வண்ணப்பெட்டியை ஒருநாள் துடைத்து எடுத்த என் மனைவி, இப்போது ஈப்போ பழைய டவுனில் நீர்வண்ணம் தீட்டும் கூட்டத்தோடு கடைவாசல்களில் உட்கார்ந்துவிடுகிறாள்.

எனக்குப் படம் வரையத் தெரியாது. ஆனால் அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மற்றவர்கள் அழகான ஜன்னலாகத் தேடிப் போவார்கள். இவளுக்கு ஏர்கோன் தண்ணீர் ஒழுகிக் கறை படிந்த சுவர்தான் வேண்டும். எத்தனையோ தடவை லோரியில் போன தெரு அது. இவள் வரைந்த பிறகுதான் மாடிச் சுவரில் ஒரு செடி முளைத்திருப்பதே என் கண்ணில் பட்டது.

முடித்ததும் எல்லாப் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்ப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். சேர்ந்த புதிதில் இவளும் வைத்தாள். வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அதிலிருந்து பரப்பும் நேரம் வந்தாலே இவளுக்கு பாத்ரூம் வந்துவிடும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, சிம்பாங் பூலாய் தாண்டும்போது, "இன்னிக்கும் கீழ வைக்கத் தைரியம் வரலைன்னா விட்டுடப் போறேங்க. பெட்டிய மககிட்டயே குடுத்துர்றேன்" என்றாள். பிரஷ் பிடிக்காத ஞாயிற்றுக்கிழமையில் அவளை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு மூலையில் இருந்த முஸ்லிம் அண்ணன் கடை மேசையில் உட்கார்ந்தோம். எனக்கு வந்த தே ஓவை, பால் கலக்காத அந்தத் தேநீரை, அவளுடைய தண்ணீர் கிளாஸ் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார் அவர். எதிர்ச் சுவருக்கு அவள் பூசிய வெளிர் மஞ்சள் ஈரக்காற்றில் காயாமல் அடம்பிடித்தது. நான் பேப்பரால் விசிறினேன். சுவரிலேயே கண்ணை வைத்தபடி அவள் பிரஷை என் தே ஓவில் முக்கி எடுத்தாள். தாளில் வைத்ததும் ஜன்னலடியிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்து இறங்கியது.

நான் பதறிப்போய் டிஷ்யூவை நீட்டினேன். அவள் என் கையைத் தடுத்தாள். படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"சும்மா இருங்க. அந்தக் கறை இதேதான்."

பிறகு தெரிந்தே மறுபடியும் என் தே ஓவில் முக்கினாள். தப்பான திருப்பத்தில் நுழைந்துவிட்டால் நான் ஊரையே திட்டித் தீர்ப்பேன். இவள் அதே வழியில் வண்டியை ஓட்டி வீடு போய்ச் சேர்கிற ஆள். கிளாஸ் காலியாகும்வரை நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

மழை கறுத்துக்கொண்டு வந்தது. அவசரமாகப் படங்களைப் பரப்பினார்கள். அவள் எழுந்தாள். வழக்கம்போல பாத்ரூமுக்குத்தான் என்று நினைத்தேன். நேராகப் போய்க் குனிந்து, வரிசையின் நடுவிலே வைத்தாள். ஒரு சீனப் பெண்மணி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்தக் கறைக்கு என்னென்ன வண்ணம் கலந்தீர்கள் என்று மலாயில் விசாரித்தார். இவள் காலி கிளாஸைத் தூக்கிக் காட்டினாள்.

"தே ஓ லா."

எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

படம் இப்போது எங்கள் ஹாலில் தொங்குகிறது. நான் சீனி தூக்கலாகக் குடிப்பவன். இரண்டே நாளில் எறும்புகள் அந்தக் கறைக்கு வரிசை கட்டிவிட்டன. அடுத்த ஞாயிறு கடைக்கார அண்ணன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு தே ஓ அண்ணே. அவருக்கு சீனி போட்டு. இன்னொண்ணு கோசோங், சீனியே வேணாம். அது படத்துக்கு."