எல்லா மில்லுக்கும் ஒரே மெஷின்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல முடியாமல் விழுங்கியதை எழுதவாவது செய்யலாம் என்று பார்க்கிறேன்.

தஞ்சாவூரில் அரிசி மில்களுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் சின்ன நிறுவனத்தில் வேலை. முன்பெல்லாம் மில்லிலேயே ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்போம். இப்போது கிளவுட். எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் மில்லுக்கு ஒரு பங்கை வாடகைக்கு எடுத்து, அதைத் தனிக் கம்ப்யூட்டர் போல அமைத்துத் தர வேண்டும். நாங்கள் அதை மெஷின் என்போம். அமைப்பது என் பொறுப்பு. இடம் எவ்வளவு, யார் யார் உள்ளே வரலாம் என்று திரை கேட்கக் கேட்கப் பதில் தட்டி, தமிழ் எழுத்துரு முதல் பில் மென்பொருள் வரை கையாலேயே ஏற்றுவேன். ஒரு மெஷினுக்கு ஒரு பகல் போய்விடும்.

குறுவை அறுப்புக்கு முன்னால் புதிதாகப் பல மில்கள் சேர்ந்தன. அப்போதுதான் முதலாளியின் மாப்பிள்ளை சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். வந்ததுமே கைவேலை வேண்டாம் என்றார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினை அப்படியே நகலெடுத்து எல்லா மில்லுக்கும் கொடுத்துவிடலாமாம். தனித்தனியாகச் செய்வதுதான் நல்லது என்று முதலாளியிடம் மெல்லச் சொன்னேன். காரணம் கேட்டார். நகலெடுத்தால் எனக்கு அங்கே வேலை இருக்காது. அதை எப்படிச் சொல்வது?

மாப்பிள்ளை சிரித்தார்.

"அக்கா வச்ச மெஷின் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு மாமா. ஒண்ணுல தமிழ் வராது, ஒண்ணுல பேக்கப் ஓடாது. ஏன்னு கேட்டா அக்கா தரையைப் பாப்பாங்க."

நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளின் பளபளக்கும் செருப்பை வெறுத்ததுபோல் வேறெதையும் வெறுத்ததில்லை.

திருவையாற்று மில் ஒன்றின் மெஷினை எடுத்து, மில்லின் பெயரை மட்டும் அழித்துவிட்டு நகலெடுத்தார். எங்கள் பக்கத்தில் புதுக்கணக்கு தொடங்கினால் முதல் பில்லைக் குலதெய்வத்தின் பெயரில் போடுவார்கள். ஒரு கைப்பிடி மஞ்சள், விலை கிடையாது. அந்த மில்லும் புதிது; அந்த ஒரு பில்லை மட்டும் போட்டிருந்தார்கள். போட்ட பில்லை யாரும் அழிக்க முடியாதபடி எங்கள் மென்பொருள் பூட்டிவிடும். மாப்பிள்ளை அந்த பில்லைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

நகல் போன மில்களில் ஒன்றான நன்னிலம் மில்லின் மில்காரர் நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டித் திரையைத் திறந்திருக்கிறார். ஒன்றாம் நம்பர் பில் ஏற்கெனவே இருந்தது, வேறொரு குடும்பத்து ஐயனார் பெயரில். காரை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"எங்க கணக்குல அடுத்த வீட்டு சாமி எப்படிங்க வந்து உக்காந்துச்சு? எங்க சாமிக்கு ரெண்டாம் நம்பரா?"

ஒரு வரிதானே சார் என்றார் மாப்பிள்ளை.

"உங்க கல்யாணப் பத்திரிகையில வேற ஆள் பேரைப் போட்டிருந்தா, ஒரு வரிதானேன்னு விட்டிருப்பீங்களா மாப்ளே?"

எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. மற்ற மில்களிலிருந்தும் போன் வரத் தொடங்கியபோது, டீயை ஆற அமரக் குடித்தேன். இனி முதலாளி என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பினார்.

"எல்லாத்தையும் கையால போட எவ்வளவு நாளாகும்மா?"

"அதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நகலும் வேண்டாம், கையும் வேண்டாம், செய்ய வேண்டியதையெல்லாம் ஸ்கிரிப்டாக, அதாவது கம்ப்யூட்டரே படித்து வரிசையாகச் செய்யும் கட்டளைகளாக, எழுதி ஓட்டினால் ஒவ்வொரு மெஷினும் யாருடைய பில்லும் இல்லாமல் வெறுமையாகத் தொடங்கும் என்றார். என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் எது, அடுத்து எது என்று கேட்கத் தொடங்கினார். ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடவில்லை. விட்டிருந்தால் அந்தப் பழியையும் என் தலையில்தான் கட்டியிருப்பார். முதலாளி பக்கத்தில் நிற்க, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

மறுநாள் ஸ்கிரிப்ட் ஓடியது. மத்தியானத்துக்குள் எல்லா மில்லுக்கும் மெஷின் தயாராகிவிட்டது. என்னைப் போன் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.