பாதியில் நிற்கும் பாட்டு

தெமோதரையைத் தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் மண் இறங்கிப் பாதையை மூடியிருக்கிறதாம். அள்ளி முடிக்கும்வரை யாரும் எங்கும் போக முடியாது. வெளியே நல்ல மழை, ஜன்னல்களையெல்லாம் இறுக்க மூடிவிட்டார்கள். உள்ளே வெலிமடை லீக்ஸ் மூட்டை ஒன்று, ஈரக் குடைகள், நனைந்த கம்பளியின் வாசனை. எனக்கு முன் சீட்டில் டியூஷன் பையோடு ஒரு பிள்ளை போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். டேட்டா முடிந்துவிட்டதுபோல, அடுத்ததற்குப் போக முடியாமல் ஒரே ரீல்ஸ் திரும்பத் திரும்ப ஓடியது. வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு பாலத்தின்மேல் கையைத் தூக்கி ஆடுகிறார்கள். பின்னால் ஒரு பெண் குரல் தமிழில் பாடுகிறது.

"கொழுந்து மல தளுத்திருக்கு – என் ராசா
கூடை எறக்க ஆளில்லையே
கும்பலோட போறவரே – என் ராசா
கூப்பிட்டாலும் கேக்கலியே…"

அதோடு வெட்டுப்பட்டு மறுபடியும் கொழுந்து மலை. கண்டக்டரின் கால் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்குக் கீழே தொம், தொம் என்று ஒரு பேஸ் கிட்டார் நடந்துபோகிறதே, அதை வாசித்தவன் நான்.

சிரிக்காதீர்கள். இப்போது பண்டாரவளையில் குளியலறை டைல்ஸ் விற்கிற இந்த ஆள் ஒரு காலத்தில் 'வளர்ந்துவரும் ரெகே இசைக்குழு'வில் இருந்தவன். நான் சொல்லவில்லை, போஸ்டரில் அப்படித்தான் போட்டிருந்தது. சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, பேஸுக்கு நான்கு, ஆகவே வேலை குறைவு என்று கணக்குப் போட்டுத்தான் நான் பேஸுக்குப் போனேன். இவ்வளவுதான் என் சங்கீத ஞானம். ரெகே என்றால் என்ன என்று பதுளையில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யூடியூபில் பார்த்தோம். தாளம் விழவேண்டிய இடத்தில் விழாமல் ஓர் எட்டுத் தள்ளி விழுகிறது, இடையில் நிறைய வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் பேஸ் ஆற அமர நடக்கிறது. அவசரமில்லாத என் சுபாவத்துக்கு அது பொருந்திப்போயிற்று.

எல்ல என்கிற மலை ஊரில் அப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவிந்த காலம். எங்களை வாசிக்க வைத்த முதலாளி தன் சாப்பாட்டுக் கடையின் மரச் சுவரில் ரெகேக்குரிய சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்து, வாசலில் ஒரு சிங்கம் வரையச் சொன்னார். வரைந்தவர் கோயிலுக்கு யாளி வரைகிறவர். சிங்கம் எப்படியோ பூனை மாதிரி வந்துவிட்டது. அந்தப் பூனையோடு போட்டோ எடுக்காத வெள்ளைக்காரர் இல்லை. எங்களுக்கு மூன்று நிறத்தில் கம்பளித் தொப்பி வேறு. மழைக்காலத்தில் அது காயவே காயாது. இந்த பஸ்ஸுக்குள் அடிக்கிற வாசனைதான் அதன் வாசனை.

எங்கள் குழுவின் பாடகி சுகந்தி. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள், எனக்குத் தங்கை வயது. கோயில் திருவிழா மேடையில் அவள் பாடியதைக் கேட்ட எங்கள் ட்ரம்மர் ரொஷான், சிங்களவன், ஒரு சொல்கூட விளங்காமல் வாயைப் பிளந்து நின்றுவிட்டு, அடுத்த வாரமே எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பிடித்தது ரெகே இல்லை, சோல். நெஞ்சுக்குள்ளிருந்து இழுத்து, ஒரு சொல்லை உடைத்து உடைத்துப் பாடுகிற கறுப்பினப் பெண்களின் பாட்டுகளை ஆங்கிலம் தெரியாமலே அட்சரம் பிசகாமல் பாடுவாள். "அர்த்தம் தெரியாம எப்படிம்மா இப்படி அழுகிற மாதிரி பாடுற?" என்று ஒரு முறை கேட்டேன். "அழுறதுக்கு என்னண்ணே அர்த்தம் வேணும்?" என்றாள்.

அவளுடைய அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா ராசம்மா மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கி நடக்கமுடியாத காலத்திலும் போனார். ஏனென்றால், தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த ஆள் ஒருவராவது இருந்தால்தான் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஓர் அறைக் காம்பரா அவர்களுடையது. பேர் இல்லையென்றால் வீடும் இல்லை. அம்மா நின்றால் மகள் போகவேண்டும், மகள் போகாவிட்டால் அம்மா நிற்க முடியாது. சுகந்தி பாடிப் பேரெடுத்து டவுனில் ஒரு வாடகை வீடாவது பிடிக்க ஆசைப்பட்டாள். "அம்மாவ மலையில இருந்து எறக்கிரணும்ணே. அப்புறம் நான் என்ன ஆனாலும் பரவாயில்ல." வேனில் போகும்போதெல்லாம் இதையேதான் சொல்லுவாள். வேறு ஆசை எதுவும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டு வந்தது ஒரு மைக் சோதனையில். சாயந்திரம், கூட்டம் இன்னும் சேரவில்லை. எல்லாரும் ஹலோ, ஹலோ என்று மைக்கைச் சோதிப்பார்கள். சுகந்தி அன்றைக்கு, நீளமாக மூச்சுப் பிடிக்க வசதியாக இருக்கிறது என்று, கொழுந்து மலையை இழுத்தாள். ரொஷான் சும்மா இருக்கமாட்டாமல் பின்னால் மெதுவாகத் தட்டினான். எனக்கும் கை ஊறியது. கிட்டார்க்காரன் சக், சக் என்று உள்ளே வந்தான். மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி எழுந்து வந்து ஆட ஆரம்பித்தது. அவள் திகைத்துப்போய் நிறுத்தப் பார்த்தாள். முதலாளி கல்லாவிலிருந்து இரண்டு கையையும் வீசி, நிறுத்தாதே, நிறுத்தாதே என்றார்.

திரும்பும் வழியில் வேனில் அவள் பண்டாரவளை வந்ததும் மெல்லச் சொன்னாள். "அண்ணே, அது அம்மா அப்பாவுக்கு வச்ச ஒப்பாரி."

ஆனால் மறுநாள் மாலை அந்த ஜோடி இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. "நங்கி, அந்தப் பாட்டு. ஹேப்பி சோங்," என்று தங்கையைச் சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார் முதலாளி. என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கு அவரே காதல் பாட்டு என்று சொல்லிவிட்டார். என் ராசா என்று வருகிறதல்லவா, அவருடைய தமிழுக்கு அது போதும். சுகந்தி பாடினாள். பாடாமல் என்ன செய்வாள்? அந்தப் பாட்டுக்குத்தான் கூட்டம். அவளுடைய சோல் பாட்டை எடுத்தால் எல்லாரும் போனை நோண்டுவார்கள். கொழுந்து மலை என்றதும் எழுந்து நிற்பார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள்தான், கண்ணைப் பார்த்துக் கைதட்டுவார்கள், ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள். ஒரு செத்த வீட்டுக்கு நடுவில் நின்று ஆடுகிறோம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நானும் ஆட்டத்துக்குத் தோதாகத்தான் வாசித்தேன்.

ஒப்பாரி முழுவதையும் அவள் அங்கே பாடியதில்லை. நான்கு அடி, பிறகு கிட்டார், மறுபடியும் அதே நான்கு அடி. கடைசியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போனவரை அனுப்பிவைக்கிற அடிகளாம். "அத மட்டும் இங்க பாட மாட்டேன்ணே. அது அப்பாவுக்கு" என்றாள். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. அது மெதுவாக இறங்கிப் போகிற இடம், ஆட்டத்துக்கு உதவாது என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

பிறகு எல்லாம் ஏறுமுகம். அறுகம்பேயில் ஒரு கடற்கரை நிகழ்ச்சி. கொழும்பில் ஒரு ஹோட்டல், அங்கே எங்களுக்குத் தந்த சாப்பாட்டில் பாதியை என்ன சாப்பாடு என்றே தெரியாமல் சாப்பிட்டோம். கொழும்பிலிருந்து ஒருவர் எல்லவுக்கே வந்து, சுகந்தியை வைத்து ரெக்கோடிங் செய்கிறேன் என்றார். அவள் தன் சோல் பாட்டு இரண்டைப் பாடிக் காட்டினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாட்டு மட்டும் போதும். அதை மாதிரியே இன்னும் நாலு இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார். அதை மாதிரி இன்னும் நாலுக்கு அவள் எங்கே போவாள், நாலு சாவுக்கா? வெளியே வந்து பூனைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் லயத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? கடையில் வெள்ளைக்காரர்கள் எடுத்துப் போட்டிருந்த வீடியோவை யாரோ ஒரு பொடியன் போனில் ராசம்மா அக்காவுக்குப் போட்டுக் காட்டிவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை ரெக்கோடிங்குக்கு அம்மாவிடம் சம்மதம் கேட்க, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு சுகந்தி வீட்டுக்குப் போனாள். அக்கா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாங்க தம்பி என்று சொல்லிப் பிளேன்டீயும் தந்தார். மகளைப் பார்க்காமலே கேட்டார்.

"பொணம் இல்லாத எடத்துல ஒப்பாரி வைக்கிறியே, யாரடி கூப்பிடுற?"

"சும்மா பாட்டாத்தான்ம்மா…"

"சும்மா கூப்பிட்டா யாரு வருவா தெரியுமா? கூப்பிட்டா அனுப்பி வைக்கவும் தெரியணும். பாதியில விட்டுட்டு வர்றியாமே."

"ஒன்னய மலையில இருந்து எறக்கத்தானம்மா பாடுறேன்."

அக்கா எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டு, "எறங்குவேன், எறங்குவேன்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். சம்மதமா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சுகந்தி தொடர்ந்து பாடினாள். ஆனால் அதன் பிறகு அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்க்கிற பார்வை.

ராசம்மா அக்கா குளவி கொட்டி இறந்துபோனார். தோட்டத்தில் அது புதிதல்ல. மரத்தில் கூடு கலைந்தால் மலையில் நிற்கிறவர்கள் ஓடுவார்கள், ஓடமுடியாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். வீங்கின முழங்காலோடு அவர் எங்கே ஓடுவது? இது நியாயமான காரணம், யாரிடம் சொன்னாலும் ஒப்புக்கொள்வார்கள். சுகந்தியிடம் மட்டும் என்னால் அதைச் சொல்லமுடியவில்லை. தான் பாடிக் கூப்பிட்டதால் வந்த சாவு என்று அவள் வேறு கணக்குப் போட்டுவிட்டது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

நாங்கள் போனபோது லயத்து வாசலில் தப்பு அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே மகள், அவள்தான் ஒப்பாரியை எடுக்கவேண்டும் என்று காத்திருந்தார்கள். சுகந்தி ராசாவுக்குப் பதில் அம்மா என்று வைத்து எடுத்தாள். அப்படி ஒரு குரலை நான் எல்லயில் கேட்டதில்லை. தப்புக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நாலாவது அடி வந்தது, கூப்பிட்டாலும் கேக்கலியே. அங்கே நிறுத்தினாள். கிட்டார் வருகிற இடம் அது. அந்த இடைவெளி முழுக்க என் பேஸ் எனக்குள் நடந்தது, என் விரல் தொடையில் அசைந்ததை நானே பார்த்தேன். பிறகு அவள் மறுபடியும் முதலடிக்குப் போனாள். மறுபடியும் நாலாவது. மறுபடியும் முதலாவது. பெண்கள் அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்கள், அவளால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. வாயைத் திறக்கிறாள், கொழுந்து மலைதான் வருகிறது. கடைசியில் அவளுடைய சின்னம்மா அவளை நெஞ்சோடு அணைத்து வாயைப் பொத்தி, வேறு ஏதோ ஒப்பாரியை எடுத்து முடித்துவைத்தார். எனக்கு அன்றைக்கு மாதிரி அழுகை வேறு எந்தச் சாவிலும் வந்ததில்லை.

சுகந்தி அதற்குப் பிறகு எல்லவுக்கும் வரவில்லை, ரெக்கோடிங்குக்கும் போகவில்லை. வீட்டை விட்டுவிடக் கூடாதே, அம்மாவின் பேர் இருந்த இடத்தில் தன் பேரைப் பதிந்துகொண்டு மலை ஏறிவிட்டாள். முதலாளி கடையை விற்றுவிட்டார். அங்கே இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த மூன்று மாடி ஹோட்டல், பூனைச் சிங்கத்தின் மேல் வெள்ளைப் பூச்சு. கிட்டார்க்காரன் கத்தாரில், ரொஷான் த்ரீவீல் ஓட்டுகிறான். என் பேஸ் கிட்டாரின் கம்பி துருப்பிடித்து, உறையோடு அலமாரிக்கு மேலே கிடக்கிறது. தொப்பியை எலி கொண்டுபோயிற்று.

மண் அள்ளுகிற இயந்திரம் வந்துவிட்டதென்று யாரோ சொன்னார்கள். முன் சீட்டில் கொழுந்து மலை எத்தனையாவது முறையோ தளுத்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, சுகந்திக்குப் போன் எடுத்தேன். மழை இரைச்சலோடு எடுத்தாள், மலையில்தான் நிற்கிறாள்.

"பஸ்ஸுல மாட்டிக்கிட்டேன்மா. இங்க ஒரு புள்ள போன்ல நம்ம பாட்டு ஓடுது."

"கேக்குதுண்ணே."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னும் அந்த எடத்துலயே நிக்குதா?" என்றாள்.

"அங்கதான் நிக்குது. அதுக்கு மேல என்னம்மா வரும்? அம்மா பாடுவாங்கன்னியே."

"போயிட்டு வாங்கன்னு அனுப்பி வைக்கிற அடிண்ணே. வித்துறக்கூடாதுன்னு பொத்திப் பொத்தி வச்சேன். ஒரு சொல்லுகூட ஞாபகம் இல்ல. சின்னம்மாகிட்ட கேட்டேன், லயத்துல எல்லார்கிட்டயும் கேட்டேன். அம்மாவுக்குத்தான் தெரியுமாம்." மழை சடசடவென்று கொட்டுகிற சத்தம். "கொழுந்து நிறுக்கக் கூப்பிடுறாங்க, வைக்கிறேன்ணே. அந்தப் புள்ளகிட்ட நிப்பாட்டச் சொல்லுங்க. அப்பாவும் அம்மாவும் பாவம், எவ்வளவு நேரம்தான் நிப்பாங்க."