எல்லாப் பல்லும் தெரிய

சட்டை மாட்டிவிடப்பட்ட ஒரு சிம்பன்சிக் குட்டியின் படம் என் பையில் எப்போதும் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் வந்த படம். மேல்வரிசை, கீழ்வரிசை என்று எல்லாப் பல்லும் தெரிய அது கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும். குரங்கினங்களைப் பற்றியும் அவற்றைக் காப்பது பற்றியும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். இது என்ன செய்கிறது என்று கேட்பேன். "சிரிக்குதுங்க" என்று கூடமே சேர்ந்து சொல்லும். இல்லை, பயந்துபோயிருக்கிறது என்பேன். சிம்பன்சி விளையாட்டாகச் சிரிக்கும்போது வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல்பல்லை உதடு மூடியிருக்கும். உதடு இழுபட்டு எல்லாப் பல்லும் தெரிந்தால் அது அச்சம். தாயிடமிருந்து பறித்து, சட்டை போட்டு, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்திய குட்டிக்கு வேறென்ன இருக்கும் என்று கேட்பேன். கூடம் கப்சிப் ஆகிவிடும். அந்த அமைதியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனைமலையில் நடந்த பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் கணக்கு டீச்சர். அறிவியல் ஆசிரியர் விடுப்பில் போனதால் அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்டவர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கணீரென்ற குரல். வந்த வேகத்திலேயே என்னைச் சீண்டினார். "ஏனுங்க மேடம், சிம்பன்சி எங்கியோ ஆப்பிரிக்காவுல இருக்குது. எங்க வகுப்புல இருக்கறதெல்லாம் எந்த இனம்னு மொதல்ல சொல்லிப்போடுங்க." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கூடத்திலேயே அதிகம் கோபப்பட்டவரும் அவர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மதியத்துக்கு மேல் மாதிரி வகுப்பு. ஒருவர் பாடம் எடுக்க வேண்டும், மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளாக உட்கார வேண்டும். ஆசிரியர்களைப் பிள்ளைகளாக உட்காரவைத்தால் அவர்கள் செய்யும் சேட்டைக்கு அளவே இருக்காது. முகபாவங்களைப் பற்றிய பாடம் கணக்கு டீச்சருக்கு வந்தது. கையில் அடிக்குச்சியோடு, படத்தைத் தொட்டுத் தொட்டு அருமையாகத்தான் ஆரம்பித்தார். கடைசி வரிசையில் ஒரு ஆசிரியை பக்கத்தில் இருந்தவரின் பேனாவைப் பிடுங்கினார். "ஏ புள்ள, எந்திரி" என்று டீச்சர் அதட்டினார். அந்த ஆசிரியை எழுந்து, கைகட்டி, குறும்புக்காக எல்லாப் பல்லையும் காட்டி இளித்தார். டீச்சர் குச்சியை ஓங்கியபடி இரண்டடி நடந்தார், நின்றார். கை இறங்கவில்லை. நடிப்பு என்று நினைத்து எல்லோரும் கைதட்டினோம். அவர் குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கைகழுவும் குழாயடியில் நின்றிருந்தார். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நான் குழாயை மூடினேன். அவராகவே பேசினார். "எட்டாம் வகுப்புல ஒரு புள்ள இருந்துச்சுங்க. கணக்கு வராது. போர்டுகிட்டக் கூப்பிட்டாலே சிரிக்கும். அடிச்சாலும் சிரிக்கும். திமிருன்னு நெனச்சுப்போட்டேனுங்க. அந்தச் சிரிப்ப நிறுத்திக் காட்டறேன்னு, அது நிக்கற வரைக்கும் அடிச்சிருக்கறேன்." பிறகு கேட்டார். "மனுசருக்கும் அப்படித்தானுங்களா?"

மனிதச் சிரிப்புக்கு நூறு காரணம் இருக்கும், குழந்தைகள் பயத்திலும் சிரிப்பதுண்டு, அந்தப் பெண்ணின் சிரிப்பு எதனால் என்று இங்கே நின்று நம்மால் சொல்ல முடியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வரவேயில்லை என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அடிக்கடி போன் செய்வார். மேடம் என்பது போய் அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பழைய மாணவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒருக்கா அவளப் பாத்து மன்னிப்புக் கேட்டுப்போடோணும் அம்மணி. இல்லீனா எனக்குச் சோறு எறங்காது" என்பார். கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் அவள் தரம் பிரிக்கும் வேலை செய்கிறாள் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிப் போனார். திரும்பும் வழியில் என்னை உக்கடம் பேருந்து நிலையத்துக்கு வரச்சொன்னார்.

டீச்சர் இப்போது இல்லை. நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். படத்தைக் காட்டியதும் கூடம் அமைதியாகும்போது, முன்பிருந்த பெருமை வருவதில்லை. யார் தலையைக் குனிகிறார்கள் என்று பார்க்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் யாராவது குனிகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில், பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்தில், டீச்சர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மைசூர்பாகுப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தனுங்க. மூட்டைகளுக்கு நடுவுல உக்காந்து கெழங்கு பொறுக்கிட்டு இருந்தா. நல்லா வளந்துட்டா, கழுத்துல தாலி கெடக்குது. என்னியக் கண்டதும் சடக்குனு எந்திரிச்சு நின்னா. டீச்சர்னு கூப்பிட்டா. சிரிச்சா."

பஸ் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன்.

"கேக்கோணும்னுதான் போனேன் அம்மணி. பக்கத்துல போனேன், சிரிப்பு பெருசாச்சு. இன்னும் ஒரு எட்டு வெச்சேன், அவ மூட்டையோட மூட்டையா ஒட்டிட்டா. பல்லு அத்தனையும் தெரியுது." பெட்டியை என் கையில் வைத்தார். "அதுக்கு மேல நான் கிட்டப் போகலீங்க. திரும்பி வந்துட்டேன்."