பொலிசில் பதியாத அறை

மெல்பேணில் வாடகைக்கு அறை தேடுகிறவர்கள் சனிக்கிழமை காலையில் நடைபாதையில் வரிசையாக நிற்கிறார்கள். கதவு திறந்ததும் எல்லோரும் ஒன்றாக உள்ளே போய், முன்பின் தெரியாத ஒருவருடைய கட்டிலையும் அலுமாரியையும் குளியலறையில் தொங்கும் துவாயையும் பார்த்துவிட்டு வருகிறோம். சாவு வீட்டுக்குப் போனவர்கள் மாதிரிக் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். இதற்குப் பெயர் இன்ஸ்பெக்‌ஷன். ஊரில் வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் துவக்கு ஏந்திய வேறு ஆட்கள். இங்கே சோதிக்கிறவள் நான் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

முதுகலை படிக்க வந்த நான், திருகோணமலையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த வாசுகியின் வீட்டு ஹோலில் மெத்தை போட்டுப் படுத்திருந்தேன். மாத முடிவில் அவளுடைய மாமாவும் மாமியும், அதாவது கணவனின் தாய் தகப்பன், நிலாவெளியிலிருந்து வருவதாக இருந்தது. அதற்குள் நான் ஓர் இடம் பார்த்தாக வேண்டும். வாசுகி போ என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். ஆனால் மாமிக்கென்று வாங்கிய புதுத் தலையணைகள் உறை பிரிக்காமல் என் மெத்தைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

பார்த்த வீடுகளில் ஹெலன் என்ற பெண்மணியின் வீட்டில்தான் எனக்கு மனம் ஒட்டியது. ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை, தனியாக இருந்தார். சின்ன அறை, யன்னலுக்கு வெளியே தேசிக்காய் மரம், எழுத ஒரு மேசையும் கதிரையும். கறி மணம் தனக்குப் பிடிக்கும் என்றுகூடச் சொன்னார். காரியம் கைகூடிவந்த சந்தோஷத்தில், அவர் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து நானே தொடங்கினேன். என்னிடம் பொலிஸ் ரிப்போர்ட் இருக்கிறது, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறியது. என்ன ரிப்போர்ட், ஏதாவது நடந்ததா என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, தங்குவதற்குத்தான், வேண்டுமானால் இன்றைக்கே உங்களோடு பொலிசுக்கு வருகிறேன் என்றேன். பிறகு தகவல் அனுப்புவதாகச் சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். அன்று பின்னேரமே குறுஞ்செய்தி வந்தது. அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

“என்னடி சொன்னனீ அவவுக்கு?” என்று வாசுகி கேட்டாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “இஞ்ச பொலிஸ் ரிப்போட் எண்டா நீ ஏதோ கேசில மாட்டின ஆள் எண்டெல்லோ நினைப்பினம்.” பிறகு அவளுடைய சிரிப்பும் நின்றுவிட்டது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில், அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் அறை தேடினோம். சண்டைக் காலம். வடக்குக் கிழக்கிலிருந்து வந்து தங்குகிற தமிழர் பொலிசில் பெயரைப் பதிந்து அந்தத் துண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், அதைத்தான் பொலிஸ் ரிப்போர்ட் என்பார்கள். அடையாள அட்டையில் திருகோணமலை என்று இருந்தால், வீட்டுக்காரர் வாடகையைப் பற்றிக் கதைக்க முன்னம் பொலிஸ் பதிவைப் பற்றித்தான் கதைப்பார். வீட்டுக்காரர் எங்கள் ஆட்களாக இருந்தாலும் அப்படித்தான். பயம் எல்லோருக்கும் ஒன்றுதானே. அம்மா சீக்கிரமே பழகிவிட்டார். கதவு திறந்ததும் வணக்கம் சொல்ல முன்னமே “பொலிஸ் ரிப்போட் இருக்கு” என்பார். அவர்கள் கேட்டு நாங்கள் சொல்வதைவிட, நாங்களாகச் சொன்னால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்று அவர் நினைத்தார். நான் அந்தப் பதிவை மனதார வெறுத்தேன்.

அம்மாவால் அப்படி வெறுக்கவும் முடியவில்லை. அதற்கு முன்னமே, புல்மோட்டையிலிருந்த பெரியம்மாவின் மகன் ரமணன் அண்ணா, வேலை தேடிக் கொழும்புக்குப் போய்ப் பதியாத அறை ஒன்றில் தங்கியிருந்தார். ஒருநாள் வெளியே போனவர் திரும்பவில்லை. பெரியம்மா தேடிப் போனபோது, அப்படி ஒருவர் இங்கே இருக்கவேயில்லை என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அண்ணா அங்கே இருந்தார் என்று காட்ட ஒரு வரிகூட எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. பெரியம்மா இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு கிரேக்கர். வளவின் பின்பக்கத்து அறையை மாணவர்களுக்கு விடுகிறவர். சிகரெட் பிடிப்பாயா, நாய் பூனை உண்டா, குப்பைத் தொட்டியை ஒழுங்காக வெளியே வைப்பாயா என்று கேட்டார். பல்கலைக்கழக அட்டையைப் பார்த்தார். அந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை, சாவி வந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு லேசான காரியத்துக்கா என் அம்மாவைக் கதவு கதவாக அப்படிச் சொல்ல வைத்தார்கள்?

குடிவந்த அன்று பின்னேரம் அம்மாவுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தேன். திருகோணமலை லிங்கநகரில் அப்போது மத்தியானம். குசினியில் நின்று ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். கட்டிலைக் காட்டினேன், யன்னலைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். பிறகு, “பொலிசில பதிஞ்சிட்டியோ பிள்ளை?” என்றார்.

இங்கே அப்படி ஒன்று இல்லை, வீட்டுக்காரர் கேட்கவேயில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப நீ அங்க இருக்கிறது ஆருக்குத் தெரியும்?”

பல்கலைக்கழகத்துக்குத் தெரியும், விசா கொடுத்தவர்களுக்குத் தெரியும், வாசுகிக்குத் தெரியும் என்று அடுக்கினேன். அம்மாவின் முகம் தெளியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பயமாகிவிட்டது. போனை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தேநீர்க் கோப்பையோடு ஒருவர் திறந்தார். என் முழுப் பெயரைச் சொன்னேன். திருகோணமலை, சிறிலங்கா என்றேன். இன்றிலிருந்து பக்கத்து வளவில் இருக்கிறேன் என்றேன். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் “நோ வொரிஸ்” என்று கதவை மெதுவாகச் சாத்தினார்.

திரும்பவும் அம்மாவை அழைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

“அவர் எழுதி வைச்சவரோ?”

“ஓம் அம்மா,” என்றேன். “எழுதினவர்.”