போர்மேன் சேசுராஜின் பார்லி சோப்பு

"ஏலே, வெடிக்கிற எதைக் கண்டும் ஓடாத மனுசன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தாம்லே!"

அச்சங்குளம் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சேசுராஜ், சாத்தூர் டீக்கடையில் இவ்வாறு பிரகடனம் செய்தது ஊரறிந்த வரலாறு.

ஓய்வில் அன்னாரின் அறிவு சோப்பின் பக்கம் திரும்பியது. சர்ச்சின் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு வீட்டிலேயே பீர் சோப்பு செய்து தருவதாகப் பாஸ்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பாஸ்டரிடம் மட்டும் அதன் பெயர் பார்லி சோப்பு. இன்று அச்சில் ஊற்றினால்தான் பண்டிகைக்குள் காயும்.

மருமகள் கிருபா சோப்பு செய்முறை வீடியோவைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, பீரைக் கொதிக்க வச்சு, கேஸெல்லாம் போய் ஆறுன பெறகுதான் காஸ்டிக் சோடா போடணுமாம். இல்லாட்டி பொங்கிருமாம்."

"மருந்து கலக்குற எடத்துல அடுப்பா? நீ எந்தக் கம்பெனியிலம்மா வேல பாத்த?"

கம்பெனிச் சட்டம் கொல்லைப்புறத்தில் அமலுக்கு வந்தது. தீப்பெட்டி பறிமுதலானது. உலோகம் உரசிவிடாமலிருக்கப் பிளாஸ்டிக் வாளி வந்தது. கொதிக்க வைக்காமல் நுரைத்துக்கொண்டிருந்த பீரில் சேசுராஜ் காஸ்டிக் சோடாவைக் கம்பீரமாகக் கொட்டினார்.

வாளி ஒரு கணம் யோசித்தது. பிறகு "புஸ்ஸ்" என்றது. நுரை விளிம்பைத் தாண்டி, முருங்கை மரம் வரை ஊர்வலம் போனது.

தள்ளி நின்றிருந்த கிருபா சுற்றுமுற்றும் பார்த்தாள். "மாமா! எங்கன இருக்கீக?"

மூன்றாவது வீட்டு மதிலுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இங்கனதாம்மா, சும்மா காத்து வாங்குதேன். நீ அடுப்பப் பத்த வையி."